அண்ணன் வீட்டு மேசை ரயிலுக்கு வயர் இழுத்த கதை

என் அண்ணனை நான் மம்பட்டிக் கணையால் அடித்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு பொம்மை ரயிலுக்கு வயர் இழுக்க வரச் சொல்லி மதினி போன் செய்தார். மதினி என்றால் அண்ணனின் மனைவி. "தம்பி, உங்க அண்ணன் ஒரு ரயில வச்சுக்கிட்டு அல்லாடுறாரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போனா தேவல," என்றார். அண்ணனா வரச் சொன்னார் என்று கேட்டேன். "வேணாம்னு சொல்லல," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒன்பது வருஷமாக அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீட்டில் எதிரில் உட்கார்ந்தால் இலையை விட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவார். நான் சாவதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்கிற ஒரே ஆசைதான் எனக்கு இருந்தது. அதற்காக ரயில் என்ன, ராக்கெட்டுக்குக்கூட வயர் இழுத்திருப்பேன்.

நான் வயர்மேன். பசுமலையிலும் கே.கே. நகரிலும் நான் வயர் இழுத்த வீடுகள் நிறைய இருக்கின்றன. வேலை சுத்தம், வாய் மோசம், கை அதைவிட மோசம் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். பொய்யில்லை. வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டியவன் கோணலாக வெட்டிவிட்டான் என்று சுத்தியலை விட்டெறிந்து அவன் பல்லைப் பெயர்த்திருக்கிறேன். எங்கள் குடும்பமே அப்படித்தான். அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. என் முன்பல் ஒன்று அவர் உடைத்தது. முதுகில் இருக்கும் பெல்ட் தழும்பும் அவர் கொடுத்ததுதான். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கொருத்தர் பிரியத்தைக்கூட தலையில் தட்டித்தான் காட்டுவார்கள்.

மம்பட்டிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் ரோட்டுக்கு மேற்கே எங்களுக்கு வயல் இருந்தது. பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றையும் மோட்டாரையும் பிரிக்க முடியுமா? அதனால் முறை வைத்தார்கள். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு. ஆனால் மும்முனை கரண்ட் நம் முறையைப் பார்த்தா வருகிறது? என் முறையில் கரண்ட் வராது. அவர் முறையில் பகல் முழுக்க வரும். என் நெல் பால் பிடிக்கிற சமயம், ஒரு மத்தியானம் என் முறையில் கரண்ட் வந்தது. ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கினால் மோட்டார் ஓடவில்லை. அண்ணன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் அவருடைய நேரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டிவிட்டேனாம். மம்பட்டியின் கணை, அதான் மரப்பிடி, தனியாகக் கழன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மண்டையில் ஒன்று போட்டேன். இடது காதுக்கு மேலே பிளந்துவிட்டது. அந்தக் காது அதோடு போச்சு. ஒரே ஒரு அடிதான் அடித்தேன் என்று போலீஸில் சொன்னேன், பஞ்சாயத்தில் சொன்னேன், கட்டின பெண்டாட்டியிடமும் சொன்னேன்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக் கேஸை முடித்தார்கள். பிறகு நிலத்தை பிளாட் போட்டு விற்றோம். கிணற்றை மண்ணடித்து மூடினார்கள். அண்ணன் விளாங்குடியில் வீடு கட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கு வேறொருத்தன் வயர் இழுத்தான். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவன் மீட்டர் பெட்டியை எவ்வளவு அசிங்கமாக வைத்திருக்கிறான் என்று பார்த்து வயிறெரிவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். "பாரு, கைய வச்சிக்கிட்டு சும்மா இருந்துட்டு வா," என்று சொல்லி என் மனைவி அனுப்பினாள். மாடி அறையில் கட்டில் அளவுக்குப் பலகை அடித்து, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தார் அண்ணன். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள், ஓய்வுபெற்ற அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை அரிக்கிறார் என்று அனுப்பிய ரயில். ஒரு இன்ஜின், மூன்று பெட்டி, திருகுகிற ஒரு குமிழ்ப் பெட்டி. என்னைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் போய், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தார். "வந்தவங்களுக்கு காபி குடு," என்று மதினியிடம் சொன்னார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் எங்கள் பக்கம் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்தாவது பேசுவார்கள்.

அந்த ரயில் ஓடுகிற விதத்தை ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் வோல்ட் ஏறும், இன்ஜின் ஓடும். குறைத்தால் நிற்கும். நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர்தான். சிக்கல் என்னவென்றால், இரண்டாவதாக ஒரு இன்ஜினை வைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே திசையில்தான் ஓடும். மகள் இரண்டாவது இன்ஜினும் அனுப்பியிருந்தாள். அதற்குத்தான் அல்லாட்டம். நான் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட்டேன். தண்டவாளத்தை நாலு துண்டாகப் பிரிப்பது, நடுவில் பிளாஸ்டிக் இணைப்பு வைப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் இவர் முறை, அந்தப் பக்கம் தள்ளினால் அவர் முறை. "இதுல பழுதே வராது மதினி. அம்புட்டும் சுவிட்சுதான்," என்றேன்.

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நான்காக மடித்தார். "முறை வச்சு ஓட்டுற சோலியெல்லாம் இந்த வீட்டுல ஆகாதுன்னு சொல்லு," என்றார் மதினியிடம். என் முகம் ஜிவ்வென்று சூடாகிவிட்டது. காபி டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு வேண்டியது டிஜிட்டல். மகள் போனில் விளக்கியிருந்தாள். தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும். ஒவ்வொரு இன்ஜின் வயிற்றிலும் ஒரு சிப். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு எண். ரிமோட்டில் எண்ணைச் சொல்லி வேகத்தைச் சொன்னால் அந்த இன்ஜின் மட்டும் கேட்கும், மற்றது தன்பாட்டுக்கு நிற்கும். இரண்டு ரிமோட் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே தண்டவாளத்தில் தங்கள் இஷ்டத்துக்கு ஓட்டலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் முறையே வேண்டாம் என்று சொல்கிறார், சேர்ந்து ஓட்டலாம் என்று சொல்கிறார், இதைவிட ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மடத்தனம் என்றால் என் மடத்தனம்தான்.

டிஜிட்டல் பெட்டியில் சின்னது, பெரியது என்று இரண்டு இருந்தன. ஒரு பலகைக்குச் சின்னதே தாராளம் என்று மகள் சொன்னாள். நான் விடவில்லை. மூணு எச்.பி. போதும் என்கிற கிணற்றுக்கு அஞ்சு எச்.பி. இறக்குகிற ஆட்கள் நாங்கள். "நாளைக்கே பத்து இன்ஜின் ஓட்டணும்னா? பெருசா வாங்கிருவோம் மதினி, ஒரே செலவா போகட்டும்," என்றேன். அண்ணன் சுவரைப் பார்த்து "சரி" என்றார். ஒன்பது வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு உறைக்கவில்லை.

பெட்டியும் ரிமோட்டுகளும் இன்ஜினுக்குள் வைக்கிற சிப்புகளும் வந்து சேர ஒரு மாசம் ஆனது. வந்ததும் நாலு ஞாயிறு வேலை பார்த்தேன். பலகைக்கு அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர் சுற்றி வர வேண்டும். அதிலிருந்து முழத்துக்கு ஒன்றாகச் சின்ன வயர் மேலே போய்த் தண்டவாளத்தில் பற்றவைக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் ஒரு லைட் எரியாவிட்டால் ஒரு அறைதான் இருட்டு. இதில் ஒரு இணைப்பு சரியில்லை என்றால் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் ரயில் நொண்டும். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பற்றவைத்தேன். உருகின ஈயம் கன்னத்தில் சொட்டியது. நான் திட்டிய திட்டில் மதினி கதவைச் சாத்திக்கொண்டு கீழே போய்விட்டார். அண்ணன் மேலேயே உட்கார்ந்திருந்தார். பலகை இடுக்கு வழியாக அவர் பாதம் மட்டும் தெரியும். நான் திட்டும்போதெல்லாம் கால் விரல்கள் மடங்கும். கோபத்தில் மடக்குகிறார் என்று நினைத்தேன்.

சுவரோரத்து வளைவுக்கு வரும்போது சின்ன வயர் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல். பையில் காலிங்பெல் வயர் கொஞ்சம் கிடந்தது, அதை முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். என்னிடம் வேலை பார்ப்பவன் இதைச் செய்திருந்தால் அறைந்திருப்பேன். கடைசியில் ஒரு சோதனை சொல்லியிருந்தது பெட்டியோடு வந்த புத்தகத்தில். ஒரு ரூபாய்க் காசை இரண்டு தண்டவாளத்தையும் தொடுகிற மாதிரி அங்கங்கே வைத்துப் பார்க்க வேண்டுமாம். வைத்த மாத்திரத்தில் டிஜிட்டல் பெட்டி தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த இடத்தில் வயர் போதாது என்று அர்த்தம். மகள் அனுப்பிய தமிழாக்கத்தை மதினி வாசித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருஷமா ஷார்ட் ஆகாம பாத்துக்கிட்டவன்கிட்ட வந்து ஷார்ட் பண்ணிப் பாருங்கிறானா? நல்ல கதையா இருக்கு," என்றேன். காசு வைக்கவில்லை.

முதலில் ஓட்டியபோது ஒரு ரிமோட்டைத் திருகினால் இரண்டு இன்ஜினும் கிளம்பின. கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் மூன்று என்றுதான் எண் போட்டிருப்பார்களாம். ஒன்றைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மற்றதற்கு எண்ணை மாற்ற வேண்டும். அண்ணன் தன் இன்ஜினுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். எனக்கு இரண்டு. நான் பலகைக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். என் இன்ஜின் பச்சை, அவருடையது சிவப்பு. நான் மெதுவாகக் கிளப்பினேன். பச்சை இன்ஜின் மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு நொண்டாமல் ஒரு சுற்று வந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணன் தன் இன்ஜினை எதிர்த்திசையில் கிளப்பினார். தெரியாமல் செய்கிறார் என்று நினைத்து என் இன்ஜினை நிறுத்தினேன். சிவப்பு இன்ஜின் முழு வேகத்தில் வந்து என்னுடையதன் மூக்கில் மோதியது. இரண்டும் தண்டவாளத்தை விட்டு இறங்கின, டிஜிட்டல் பெட்டி கீச்சென்று அணைந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏத்தி வை," என்றார்.

ஒன்பது வருஷம் கழித்து என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஏற்றி வைத்தேன். மறுபடி மோதினார். "ஏத்தி வை." மறுபடி ஏற்றினேன். மூன்றாவது மோதலில் என் இன்ஜினின் முன் கொக்கி ஒடிந்து தெறித்தது. நாலாவதில் ஒரு ரயில் பெட்டி பலகையிலிருந்து தரையில் விழுந்து கூரை பெயர்ந்துகொண்டது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவர் டிஜிட்டல் கேட்டது இதற்காகத்தான் என்று. நான் சொன்ன சுவிட்ச் முறையில் அவர் துண்டுக்குள் நான் போக முடியாது, என் துண்டுக்குள் அவர் வர முடியாது. மோதவே முடியாது. அவருக்கு மோத வேண்டியிருந்தது. என்னை நிற்க வைத்து அடிக்க வேண்டியிருந்தது.

அடிக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், இத்தனை வருஷம் வைத்திருந்ததை இறக்கிவிடட்டும் என்று. ஆனால் ஏழு, எட்டு என்று போனபோது ரத்தம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நாலு வாரம் மல்லாந்து படுத்து, முகத்தில் ஈயம் வாங்கிப் போட்ட வயரிங். இப்படி உடைப்பதற்கா? இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. ரிமோட்டைக் கடைசிவரை திருகினேன். அவரும் திருகினார். சுவரோரத்து வளைவில் இரண்டும் முட்டிக்கொண்டன. என் இன்ஜின் அவருடையதன் மேல் ஏறிக் குறுக்காக விழுந்தது.

டிஜிட்டல் பெட்டி அணையவில்லை. நான் காலிங்பெல் வயர் முறுக்கிய இடம். ஷார்ட் ஆகியும் அந்த மெல்லிய வயர் வழியாகப் போன கரண்ட் பெட்டிக்குத் தெரியும் அளவுக்குக் கூடவில்லை, வயரைச் சுட வைக்கும் அளவுக்கு மட்டும் தாராளமாகப் போனது. பெரியதாக வாங்கின பெட்டி இல்லையா, அசராமல் கொடுத்துக்கொண்டே இருந்தது. சக்கரத்தில் பொறி பறந்தது. தண்டவாளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகள் இளகின. டேப் எரிகிற நாற்றம் வந்தது, பலகைக்கு அடியிலிருந்து கறுப்புப் புகை. பிளக் அண்ணனுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பலகையைச் சுற்றி ஓடி, அவர் தலைக்கு மேலே கையை நீட்டினேன்.

அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து தரையில் சரிந்தார். முழங்காலை மடக்கி, முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "வேணாம்ப்பா. வேணாம்ப்பா. இல்லப்பா, இனிமே இல்லப்பா," என்றார். என் தகப்பனுக்கு அடுத்தபடி நான் மரியாதை கொடுத்த மனுஷன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், என் காலடியில் கிடந்து என்னை அப்பா அப்பா என்று கெஞ்சினார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வயலிலும் அவர் இப்படித்தான் கிடந்தார். முதல் அடியில் விழுந்து, தலையை இப்படித்தான் பொத்திக்கொண்டார். அந்தக் கைகளின் மேல் நான் இரண்டாவது தடவை அடித்தேன். ஒரே ஒரு அடி என்று ஊரெல்லாம் சொன்னது பொய். முதல் அடிக்குக் கோபம் என்று ஒரு காரணம் சொல்லலாம். கீழே கிடக்கிற ஆளை அடித்ததற்கு என்ன சொல்ல? அண்ணன் அதை யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. போலீஸிலும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு மதினி ஓடிவந்தார். புகையையோ ரயிலையோ பார்க்கவில்லை. நான் நிற்பதையும் அண்ணன் கிடப்பதையும்தான் பார்த்தார். வந்து எங்கள் நடுவில் நின்றுகொண்டார். "பிளக்கு மதினி, பிளக்கப் பிடுங்கத்தான்," என்றேன். அவருக்கு அது புரிய நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவர் நகரவில்லை. "நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் உங்க அண்ணன் சாப்பிடுறதில்ல தம்பி. வரவேணாம்னு சொல்லிரட்டுமான்னு கேட்டா, வேணாம், நான் என்ன அவனுக்குப் பயந்தவனாங்கிறாரு," என்றார்.

அண்ணன் கையை எடுத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கத்தில் அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். "அண்ணே, அன்னைக்கு ரெண்டாவது அடி," என்று ஆரம்பித்தேன். "தெரியும்," என்றார். இனிமேல் நான் வரவில்லை அண்ணே என்றேன். அவர் யோசித்தார்.

"வா," என்றார். "ஆனா வந்தா உக்காந்தே இரு. எந்திரிக்காத."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். டிஜிட்டல் பெட்டியைச் சின்னதாக மாற்றியாகிவிட்டது. மோதுவதும் நின்றுபோனது, அவர் ஒரு பக்கம் ஓட்டுவார், நான் பின்னாலேயே ஓட்டுவேன். படியேறும்போதே "வாரேன் அண்ணே" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கிளம்புகிற வரை எழுந்திருப்பதில்லை, காபிகூட மதினி என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். போன வாரம் என் பக்கம் ஒரு வயர் விட்டுப்போய் இன்ஜின் நின்றுவிட்டது. பலகைக்கு அடியில் குனிந்தால் ஒரு நிமிஷ வேலை. "எந்திரிக்கட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். அண்ணன் என் கைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேணாம், நானே பாத்துக்கிறேன்," என்று ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு அவரே அடியில் போய்ப் படுத்தார்.